புது வண்டியின் பாதுகாப்பு வசதிகள்: எதை நம்பலாம், எதன் மேல் ஒரு கண் வேண்டும்

பழைய வண்டியை விட்டுப் புது மாடலுக்கு மாறியவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். இத்தனை கேமரா, ரேடார், பீப் சத்தம் எல்லாம் உண்மையிலேயே காப்பாற்றுமா, இல்லை விற்பதற்காக ஒட்டிய ஜிகினாவா? இரண்டும் ஒரே பட்டியலில் கலந்து கிடக்கின்றன, அதுதான் தொல்லை. உயிரைக் காக்கும் வசதிக்கும் காலை நீட்டி உட்கார உதவும் வசதிக்கும் விளம்பரத்தில் ஒரே தலைப்பு, ஒரே மாதிரிப் படம். ஓட்டத் தெரியும், ஆனால் இந்த மாதிரி வண்டி புதிது என்பவர்களுக்காக, முதல் ஒரு மாதத்தில் என்னென்ன செய்யலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க வேண்டாம்.

படி 1: பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள்

வண்டியோடு வந்த கையேட்டை எடுத்து, அதில் உள்ள வசதிகளை ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதுங்கள். முதல் பத்தியில், நீங்கள் தப்பு செய்யும்வரை வாயே திறக்காதவை: சீட் பெல்ட், ஏர்பேக், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ், வண்டி வழுக்கித் திரும்பாமல் பிடிக்கும் இஎஸ்சி, தானாகப் பிரேக் போடும் ஏஇபி. இரண்டாவது பத்தியில், உங்கள் வேலையை உங்களோடு பங்கு போட்டுக்கொள்பவை: முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தை மாற்றும் க்ரூஸ் கண்ட்ரோல், லேன் நடுவில் வைத்து ஓட்டும் ஸ்டீயரிங் உதவி, இந்த வகையறா.

முதல் பத்திக்குச் சாட்சி பலமாக இருக்கிறது. மூன்று முனை சீட் பெல்ட்டை 1959-இல் வோல்வோவில் கொண்டுவந்தவர் நில்ஸ் போலின் என்ற பொறியாளர். காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள், இன்றுவரை அதை மிஞ்சிய ஒரு பாகம் வண்டியில் வரவில்லை என்பது என் கருத்து. மின்னணு ஏபிஎஸ் 1978-இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் வந்தது, இஎஸ்சி 1995-இல். இந்த இஎஸ்சிதான் பலருக்கும் பெயர்கூடத் தெரியாத நாயகன்: வேறு வண்டி எதுவும் சம்பந்தப்படாமல், ஒரே வண்டி சாலையை விட்டு ஓடிப்போய் ஆள் சாகும் விபத்துகளில் கிட்டத்தட்ட பாதியை அது தடுக்கிறது என்று அமெரிக்காவின் ஐஐஎச்எஸ் ஆய்வு அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. முன்னால் நிற்கும் வண்டியின் பின்புறம் மோதும் விபத்துகளை ஏஇபி பாதியளவு குறைத்திருப்பதாகவும் அதே அமைப்பு சொல்கிறது.

இரண்டாவது பத்திக்கு அப்படி ஒன்றும் கிடையாது. 2024-இல் அதே ஐஐஎச்எஸ் க்ரூஸும் ஸ்டீயரிங் உதவியும் சேர்ந்த அமைப்புகளை ஆராய்ந்துவிட்டு, இவை விபத்தைத் தடுப்பதற்கு நம்பும்படியான சான்று இல்லை, இவற்றை வசதி என்று பார்ப்பதே சரி என்று சொல்லிவிட்டது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், இனி வரும் படிகளெல்லாம் அந்த இரண்டு பத்தியைச் சுற்றித்தான்.

படி 2: இருக்கையைச் சரிசெய்யுங்கள்

இதைத் தாண்டிப் போகத் தோன்றும். வேண்டாம். ஏர்பேக் ஒரு விநாடியில் சின்னஞ்சிறு பங்கு நேரத்தில் வெடித்து விரிவது. அது மெத்தையாக வேலை செய்ய வேண்டுமென்றால் உங்கள் நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்கின் நடுவுக்கும் குறைந்தது 25 செ.மீ. இடைவெளி வேண்டும். ஸ்டீயரிங்கைக் கட்டிக்கொண்டு உட்காருபவர்களுக்கு அதே ஏர்பேக் ஒரு குத்துதான். பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றில் இல்லாமல் இடுப்பெலும்பில் படியட்டும், மேல்பட்டை கழுத்தை உரசாமல் தோளின் நடுவே போகட்டும். ஹெட் ரெஸ்ட்டின் மேல்விளிம்பு தலை உச்சியின் மட்டத்துக்கு வரவேண்டும். பின்னாலிருந்து யாராவது இடித்தால் கழுத்து பின்னோக்கி மடங்காமல் தாங்குவது அதுதான், தலையைச் சாய்த்து ஓய்வெடுக்க வைத்ததல்ல. பின்னோக்கிப் பார்க்கும் குழந்தை இருக்கையை, ஏர்பேக் இயங்கும் முன்சீட்டில் ஒருபோதும் வைக்கக் கூடாது.

படி 3: ஏபிஎஸ் எப்படி இருக்கும் என்று காலுக்குச் சொல்லிக் கொடுங்கள்

என் சொந்தக் கதை ஒன்று. ஏபிஎஸ் உள்ள வண்டி வாங்கி சில மாதம் கழித்து, மழையில் முன்னால் ஒருவர் திடீரென்று நிறுத்த, நானும் பிரேக்கை அழுத்தினேன். பெடல் காலுக்கடியில் தடதடவென்று உதறியது, கடகடவென்று சத்தம் வேறு. ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிட்டேன்! நல்ல வேளையாக இடம் இருந்தது, பக்கத்து லேனுக்குள் நுழைந்து தப்பித்தேன். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை, சரியாக வேலை செய்துகொண்டிருந்த கருவியை நான்தான் நடுவில் நிறுத்தினேன்.

ஆகவே முன்னும் பின்னும் யாருமே இல்லாத, அகலமான காலி இடம் ஒன்றைப் பாருங்கள். வண்டிக்குள் உருளக்கூடிய பொருள் எதுவும் இருக்கக் கூடாது. 40 கி.மீ. வேகத்தில் போய், பிரேக்கை ஒரே மூச்சில் முழுவதுமாக மிதித்து, வண்டி நிற்கும்வரை மிதித்தபடியே இருங்கள். அந்த உதறலை உணருங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்ததும் ஒரு விநாடிக்குள் பலமுறை பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கிறதே, அதன் துடிப்புதான் அது. பழைய வண்டிகளில் காலால் விட்டு விட்டு அழுத்தச் சொல்லிக் கொடுத்தார்கள், இங்கே அது தப்பு. அடுத்த முறை மிதித்துக்கொண்டே ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்பிப் பாருங்கள், வண்டி திரும்பும். ஏபிஎஸ் வந்ததே இதற்காகத்தான். பூட்டிக்கொண்ட சக்கரத்தால் திசை மாற முடியாது, உருளும் சக்கரத்தால் முடியும்.

வண்டி சீக்கிரம் நிற்கும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். ஜல்லி, தளர்வான மண், புதிய பனி போன்ற இடங்களில் ஏபிஎஸ் உள்ள வண்டி நிற்க இன்னும் அதிக தூரம்கூட எடுக்கும். பூட்டிய சக்கரத்துக்கு முன்னால் மண் குவிந்து தடுக்குமே, அந்த உதவி இங்கே கிடைக்காது.

படி 4: இஎஸ்சி, டயர்

இஎஸ்சியைப் பழகிப் பார்க்கும் வேலை வேண்டாம், அதற்குச் சாலை இடமில்லை. ஸ்டீயரிங் காட்டும் திசையும் வண்டி உண்மையில் போகும் திசையும் ஒத்துப்போகவில்லை என்றால் ஒரு சக்கரத்தை மட்டும் தனியாகப் பிரேக் பிடித்து மூக்கை இழுத்து நேராக்கும், அவ்வளவுதான். அதை அணைக்க ஒரு பொத்தான் இருக்கும். சேறிலோ மணலிலோ சக்கரம் புதைந்து சுழலும்போது கொஞ்ச நேரம் அணைக்கலாம், வெளியே வந்ததும் மறக்காமல் போட்டுவிடுங்கள்.

ஏபிஎஸ், இஎஸ்சி, ஏஇபி மூன்றுமே கடைசியில் போய் நிற்பது தரையைத் தொடும் நான்கு உள்ளங்கை அளவு ரப்பரில்தான். தேய்ந்த டயரில் எந்தக் கணினியும் பிடிப்பை உண்டாக்க முடியாது. டயர் காற்று குறைந்தால் எச்சரிக்கும் விளக்கையும் முழுதாக நம்பாதீர்கள். அமெரிக்க விதிப்படி பரிந்துரைத்த அழுத்தத்தில் 25 சதவீதம் குறைந்த பிறகு எரிந்தாலே போதும், அதற்குள் டயர் நிறைய சூடாகியிருக்கும். மாதம் ஒருமுறை, டயர் குளிர்ந்திருக்கும்போது, கருவியை வைத்து நீங்களே அளந்துவிடுங்கள்.

படி 5: ஏஇபி எதைப் பார்க்கும், எதைத் தவறவிடும்

இதைச் சோதித்துப் பார்க்க அட்டைப்பெட்டியை நோக்கி ஓட்டும் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து அந்த வேலை வேண்டாம், நண்பரை முன்னால் நிற்க வைக்கும் வேலை நிச்சயமாக வேண்டாம். செய்ய வேண்டியவை வேறு.

முதலில் அதன் கண்கள் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் முன்கண்ணாடியின் மேல்பகுதியில், நடுக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா. முன் பம்பரிலோ கிரில்லிலோ ஒரு ரேடார். இந்த இரண்டு இடத்தையும் சுத்தமாக வைத்திருங்கள், மேலே ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். முன்கண்ணாடியை மாற்றினாலோ பம்பரைக் கழற்றி மாட்டினாலோ கேமரா, ரேடாரின் அளவீட்டைச் சரிசெய்தீர்களா என்று பட்டறையில் கேட்டே வண்டியைத் திரும்ப எடுங்கள். கேமரா இம்மியளவு சாய்ந்திருந்தாலும் நூறு மீட்டர் தள்ளி அது பார்ப்பது வேறு லேனாக இருக்கும்.

அடுத்து, எச்சரிக்கையை எவ்வளவு முன்கூட்டி அடிக்க வேண்டும் என்று கேட்கும் அமைப்பு இருந்தால், சீக்கிரம் என்பதில் வைத்துவிடுங்கள். சில நாள் தேவையில்லாமல் கத்தும். பழகிவிடும்.

அதன் குருட்டுப் பகுதியும் தெரிந்திருக்க வேண்டும். 2019-இல் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ சில மாடல்களை வைத்துச் சோதித்தபோது, பாதசாரியைக் கண்டு பிரேக் போடும் வசதி இரவில் பயனற்றது என்றே முடிவு சொன்னது. பாதசாரிகள் அதிகம் சாவது இருட்டிய பிறகுதான் என்பதை நினைத்தால் இது சின்ன ஓட்டை இல்லை. அதற்குப் பிறகு வந்த வண்டிகள் தேறியிருக்கின்றன. 2029 செப்டம்பருக்குள் புதிய கார்கள் எல்லாவற்றிலும், இருட்டிலும் பாதசாரியைக் காணும் ஏஇபி வேண்டும் என்று அமெரிக்கா 2024-இல் விதியே போட்டது. உங்கள் வண்டி எந்த ஆண்டு மாடல், அதன் கையேடு எந்த வேகம்வரை, எந்த வெளிச்சத்தில் வேலை செய்யும் என்கிறது என்பதைப் படித்துவிடுங்கள். அந்தப் பகுதியை மட்டுமாவது.

படி 6: க்ரூஸும் ஸ்டீயரிங் உதவியும்

நிறைய பேர் தவறு செய்யும் இடம் இது, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன்.

நெடுஞ்சாலையில் க்ரூஸ் போட்டு ஒரு வண்டியின் பின்னால் 100 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள். அந்த வண்டி திடீரென்று பக்கத்து லேனுக்கு ஒதுங்குகிறது. ஏன் ஒதுங்கியது என்று பார்த்தால், அதற்கு முன்னால் பழுதாகி நிற்கும் லாரி. உங்கள் வண்டிக்கு என்ன தெரிகிறது? முன்னால் இருந்த வண்டி போய்விட்டது, பாதை காலி, வேகத்தைக் கூட்டலாம். நின்றுகொண்டிருக்கும் லாரியை ரேடார் பார்க்காமல் இல்லை, ஆனால் பாலம், பலகை, தடுப்பு என்று சாலை முழுக்க அசையாத பொருட்கள்; ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் ஓட்டவே முடியாது என்பதால் அதிவேகத்தில் அசையாத பிரதிபலிப்புகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும்படிதான் பல அமைப்புகளை வடிவமைத்தார்கள். கையேட்டில் இது எச்சரிக்கையாக அச்சாகியே இருக்கும், பொடி எழுத்தில்.

இதற்கு மேல் மனித மூளையின் சிக்கல் ஒன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ரேடார் திரையை உற்றுப் பார்க்கும் வேலையிலிருந்தவர்கள் நேரம் போகப் போக இலக்குகளைத் தவறவிட்டார்கள். ஏன் என்று நார்மன் மாக்வர்த் என்ற உளவியலாளர் ஒரு கடிகார முள்ளை வைத்து ஆராய்ந்து 1948-இல் வெளியிட்டார்: முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே கவனிப்பு தெளிவாக விழுந்துவிடுகிறது. சும்மா பார்த்துக்கொண்டே இரு, எப்போதாவது ஒருமுறை ஏதாவது நடந்தால் உடனே கையை வை என்பது மனிதனுக்குச் சுத்தமாக ஒத்துவராத வேலை. ஸ்டீயரிங் உதவி நம்மிடம் கேட்பது அதே வேலையைத்தான். ஓட்டுவது இதைவிடச் சுலபம் என்றுகூடச் சொல்வேன்.

2016 மே மாதம் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், க்ரூஸும் ஸ்டீயரிங் உதவியும் சேர்ந்த ஆட்டோபைலட் என்ற அமைப்பைப் போட்டு ஓடிய டெஸ்லா கார் ஒன்று, குறுக்கே திரும்பிய லாரியின் டிரெய்லருக்கு அடியில் புகுந்து ஓட்டியவர் இறந்தார். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் எடுத்த கணக்கின்படி, ஆட்டோபைலட் ஓடிய 37 நிமிடத்தில் ஸ்டீயரிங்கில் கை இருந்ததாக வண்டி உணர்ந்தது மொத்தம் 25 விநாடி. குறுக்கே வரும் வண்டியைக் கண்டுகொள்ள அந்த அமைப்பு வடிவமைக்கப்படவே இல்லை, ஓட்டியவர் அதை அளவுக்கு மீறி நம்பினார், நம்பவிடும்படி அமைப்பும் இருந்தது. வாரியத்தின் முடிவில் இரண்டு பக்கத்துக்கும் பங்கு உண்டு.

சரி, அப்போது பயன்படுத்தவே கூடாதா? பயன்படுத்தலாம், நானும் நீண்ட பயணத்தில் க்ரூஸ் போடுவதுண்டு, கால் வலி குறைகிறது. ஆனால் சில நிபந்தனைகளோடு. முதல் வாரம் க்ரூஸ் மட்டும், ஸ்டீயரிங் உதவி அணைந்தே இருக்கட்டும். இரண்டையும் ஒன்றாகப் பழகினால் எது எப்போது கைவிட்டது என்றே புரியாது. எதிர்வரிசை தடுப்பால் பிரிந்த சாலை, பகல், காய்ந்த தரை, இந்த மூன்றும் இருக்கும்போது தொடங்குங்கள். முன்வண்டியோடு விடும் இடைவெளியை இருப்பதிலேயே அதிகமானதில் வையுங்கள். 100 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்கு 28 மீட்டர் போகிறீர்கள், இரண்டு விநாடி இடைவெளி என்றால் 56 மீட்டர். சில வண்டிகளில் மிகக் குறைந்த அமைப்பு இதற்கும் கீழே போகும், அதைத் தொடவே வேண்டாம். முன்னால் போகும் வண்டி லேன் மாறினால் உடனே கால் பிரேக் மேல் போகவேண்டும், இதைப் பழக்கமாகவே ஆக்கிக்கொள்ளுங்கள். சாலை வேலை நடக்கும் இடம், கோடு அழிந்த இடம், சுங்கச்சாவடி, கனமழை வந்தால் அணைத்துவிட்டு நீங்களே ஓட்டுங்கள்.

க்ரூஸும் ஸ்டீயரிங் உதவியும் சேர்ந்ததைக் கடையில் லெவல் 2 என்பார்கள். எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பு 0 முதல் 5 வரை வகுத்த வரிசை அது. உங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: 2 வரை ஓட்டுநர் நீங்கள்தான், கை ஸ்டீயரிங்கில் இல்லாவிட்டாலும்.

படி 7: திரையைக் கண்மூடிப் பழகுங்கள்

தொழில்நுட்பம் பின்னோக்கிப் போன இடம் எதுவென்று கேட்டால் டச் ஸ்கிரீனைத்தான் காட்டுவேன். திருகு குமிழ் இருந்த காலத்தில் விரல் தானே போய் ஏசியைக் குறைத்தது. இப்போது மெனுவுக்குள் மெனு. இரண்டு விநாடி திரையைப் பார்த்தால் மேலே சொன்ன அதே 56 மீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கடக்கிறீர்கள். ஐரோப்பாவில் வண்டிகளுக்கு நட்சத்திர மதிப்பீடு தரும் யூரோ என்கேப் அமைப்பே பொறுமை இழந்து, இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன், ஹசார்டு விளக்கு, அவசர அழைப்பு இவற்றுக்குத் தனிப் பொத்தான் இல்லாவிட்டால் 2026 முதல் மதிப்பெண் குறையும் என்று அறிவித்தது.

வண்டி நிற்கும்போது கண்ணை மூடிக்கொண்டு வைப்பர் வேகம், முன்கண்ணாடி ஆவி நீக்கி, ஹசார்டு விளக்கு மூன்றையும் தொட்டுப் பாருங்கள். தட்டுத் தடுமாறினால் மறுபடி. வழிகாட்டி முகவரி, பாட்டு, போன் இணைப்பு எல்லாம் கியர் போடும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

படி 8: எந்தச் சத்தத்தை அணைப்பது

ஒரு வாரத்தில் எரிச்சல் வரும், எல்லாவற்றையும் அணைக்கத் தோன்றும். மொத்தமாக அணைக்காமல் ஒவ்வொன்றாக முடிவெடுங்கள். லேன் தாண்டினால் கத்தும் சத்தத்தை, வசதி இருந்தால் ஸ்டீயரிங் அதிர்வாக மாற்றுங்கள். பாதி எரிச்சல் போய்விடும். அப்புறம் இன்னொன்று கவனியுங்கள், அது அடிக்கடி கத்துகிறது என்றால் நீங்கள் இண்டிகேட்டர் போடாமல் லேன் மாறுகிறீர்கள் என்றும் அர்த்தம் இருக்கலாம். வேகப் பலகையைப் படித்துச் சொல்லும் வசதி பக்கத்துச் சாலையின் பலகையையும் படித்து உளறும், ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல் புதிய கார்களில் இது கட்டாயம் என்றாலும் கண்ணால் பார்த்த பலகைதான் கணக்கு. கண்ணாடியில் தெரியாத பக்கத்தில் வண்டி வந்தால் சொல்லும் மறைபகுதி எச்சரிக்கையை அணைக்கவே வேண்டாம், ஆனால் வேகமாக வரும் பைக்கைத் தாமதமாகக் கண்டுகொள்ளும், ஆகவே தோளைத் திருப்பி ஒரு பார்வை. ரிவர்ஸ் கேமராவும் அப்படித்தான், லென்ஸில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றால் குழந்தை தெரியாது.

படி 9: ஒரு மாதம் கழித்து உங்களையே பாருங்கள்

1980-களில் மியூனிக் நகரத்தில் ஒரு டாக்ஸி நிறுவனத்தின் வண்டிகளில் ஒரு பகுதிக்கு மட்டும் ஏபிஎஸ் பொருத்தி, மூன்று ஆண்டு கவனித்தார்கள். ஏபிஎஸ் வண்டிகளுக்கு விபத்து குறையவில்லை. பயணி போல ஏறிய ஆய்வாளர்கள் குறித்தது என்னவென்றால், அந்த ஓட்டுநர்கள் திருப்பங்களை இன்னும் வெட்டித் திருப்பினார்கள், லேனுக்குள் ஒழுங்காக நிற்கவில்லை, நுழையும்போது முரட்டுத்தனமாக நுழைந்தார்கள். பிரேக் நன்றாக இருக்கிறது என்ற தைரியத்தில், கிடைத்த கூடுதல் பாதுகாப்பை வேகமாக மாற்றிச் செலவழித்துவிட்டார்கள். இஎஸ்சிக்கும் ஏஇபிக்கும் இப்படி முழுவதுமாகச் செலவாகிவிடவில்லை, படி 1-இல் சொன்ன அந்தப் பாதிப் பாதி கணக்குகளே அதற்குச் சாட்சி. அவை அமைதியாக இருப்பதால் ஓட்டுபவருக்கு அவை இருப்பதே நினைவில் இல்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

ஆகவே மாதக் கடைசியில் ஒரு நாள் க்ரூஸ், ஸ்டீயரிங் உதவி இரண்டையும் அணைத்துவிட்டு வழக்கமான பாதையில் ஓட்டுங்கள், முதல் பத்தியில் உள்ள எதையும் தொடாமல். முன்வண்டியோடு எவ்வளவு நெருங்கிப் போகிறீர்கள், லேன் மாறும்முன் தோள் திரும்புகிறதா, கை போன் பக்கம் போகிறதா என்று பாருங்கள். முன்பைவிட மோசமாக இருந்தால் இரண்டாவது பத்தி வசதிகளுக்கு ஒரு மாதம் விடுமுறை.

கடைசியாக, வாடகை வண்டி அல்லது நண்பரின் வண்டி. ஒரே பெயருள்ள வசதி வேறு வண்டியில் வேறு மாதிரி நடக்கும்: ஒன்று முழுவதுமாக நின்றுவிடும், இன்னொன்று குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே க்ரூஸைக் கைவிட்டுவிட்டு ஒரு சின்ன மணி அடித்து உங்களிடம் ஒப்படைத்துவிடும். அதனால் தெரியாத வண்டியில் ஏறினால் இருக்கை, ஹெட் ரெஸ்ட், கண்ணாடிகள், வைப்பர், ஹசார்டு பொத்தான் இவற்றை மட்டும் பார்த்துக்கொண்டு, க்ரூஸைத் தொடாமல் கிளம்புங்கள்.